வாளும் பெற்றோலும்: ஒரு சிறு இயந்திரத்தின் கதை

ஹாலே என்ற பெயரைக் கேட்டதும் நம்மவர்களுக்கு நினைவு வருவது சீகன்பால்குவும் தரங்கம்பாடியும்தான். ஃபிராங்கே நிறுவனத்தின் பழைய கட்டடங்களுக்குள் தமிழ் ஏட்டுச்சுவடிகள் இருப்பதும், தமிழ் அச்செழுத்துகள் இந்த ஊரில் வார்க்கப்பட்டுக் கப்பலேறியதும் பலர் பேசிப் பழகிய செய்திகள். அந்தக் கதையில் எனக்குப் பிடித்தது ஒரு சிறு பகுதி. ஹாலேயில் வார்த்த எழுத்துகள் 1713இல் தரங்கம்பாடிக்குப் போய்ச் சேர்ந்தன. அச்சுக் கோத்துப் பார்த்தபோது எழுத்துகள் அளவில் மிகப் பெரியவையாக இருந்தன. புதிய ஏற்பாடு முழுவதையும் அந்த எழுத்தில் அச்சிட்டால் இருந்த தாள் போதாது. இங்கிருந்து போயிருந்த ஆட்லர் என்ற எழுத்து வார்ப்பவர் அங்கேயே பட்டறை போட்டுச் சிறிய எழுத்துகளை வெட்டி வார்த்தார். 1715இல் நூல் முடிந்தது. சீமையிலிருந்து வந்த கருவி வந்தபடியே எங்களுக்குப் பொருந்துவதில்லை. அதைக் கையில் எடுத்துத் திருத்திக்கொள்ள ஓர் ஆள் வேண்டியிருக்கிறது.

இம்மாதம் நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் அச்செழுத்து அல்ல, வாள். தமிழ்நாட்டு நேயர்கள் போர்வாள் என்று நினைத்துவிட வேண்டாம். யாழ்ப்பாணத்தில் மரம் அரிகிற கருவிக்கு வாள் என்றுதான் பெயர்; அவர்கள் அதை ரம்பம் என்பார்கள். அந்த வாளுக்குப் பெற்றோல் எஞ்சின் பூட்டியதை நாங்கள் இயந்திர வாள் என்கிறோம், அவர்கள் பவர் ரம்பம், மரம் அறுக்கிற மெஷின் என்று பலவாறு சொல்கிறார்கள். நான் குடியிருக்கும் ஹாலேயில் அநேகமாக எல்லாச் சிறுதோட்டக் காரரிடமும், ஒரு கொட்டிலின் மூலையில், ஒயில் கசிந்தபடி இது ஒன்று இருக்கும். என்னிடமும் இருக்கிறது. பழையது, சிறியது, 35 சென்ரிமீற்றர் அலகு உள்ளது. அதைக் கழற்றிப் பூட்டுகிற பழக்கத்தில்தான் இதன் வரலாற்றைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன். ஒவ்வொரு உறுப்பும் ஒவ்வொரு காலத்தில், ஒவ்வொரு இடத்தில், ஒருவர் பட்ட தொல்லையிலிருந்து வந்திருக்கிறது.

இயந்திரம் வருவதற்கு முன் எங்கள் ஊர் மரக்காலைகளில் இருவர் நின்று இழுக்கிற வாளை முதியவர்கள் கண்டிருப்பார்கள். ஒருவர் மேலே, ஒருவர் கீழே. பகல் முழுவதும் இழுத்தால் சில பலகைகள் கிடைக்கும். அந்தத் தொழிலின் பாதி இழுப்பதில் இருந்தது, மறுபாதி அரத்தில் இருந்தது. பல் மழுங்கினால் உட்கார்ந்து தீட்ட வேண்டும்; ஒரு பல்லை இடப்பக்கமும் அடுத்ததை வலப்பக்கமும் சாய்த்துவிட வேண்டும், இல்லாவிட்டால் வாள் மரத்துக்குள் இறுகிவிடும். வாள் தீட்டத் தெரியாதவனை ஓடாவியார்கள் வேலைக்காரனாகவே எண்ணமாட்டார்கள். சங்கிலியில் பல் ஏறிய பிறகும் இந்த விதி மாறவில்லை என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

சங்கிலியில் பல் வைத்து அறுக்கும் எண்ணம் முதலில் காட்டில் பிறக்கவில்லை, வைத்தியசாலையில் பிறந்தது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்கொட்லாந்து வைத்தியர்கள் அயிற்கினும் ஜெஃப்ரேயும் எலும்பு அறுப்பதற்குக் கையால் இழுக்கும் சிறு சங்கிலி வாள் ஒன்றைப் பயன்படுத்தினார்கள். பிள்ளைப்பேறு சிக்கலானால் இடுப்பெலும்பின் பொருத்தைப் பிரிக்கவும் அது பயன்பட்டது. மயக்க மருந்து இல்லாத காலம் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். 1830 அளவில் ஜேர்மனியின் வூர்ட்ஸ்பேர்க் நகரில் பேர்ன்ஹார்ட் ஹைனெ என்பவர் ஓர் அலகைச் சுற்றிச் சங்கிலி ஓடும்படி, கைப்பிடியைச் சுழற்றி இயக்கும் எலும்பு வாளைச் செய்தார். அதன் படத்தைப் பார்த்தால் இன்றைய இயந்திர வாளின் குழந்தை என்று எவரும் சொல்லிவிடுவார்கள். ஆனால் அந்த வைத்தியக் கருவியிலிருந்து காட்டு வாளுக்கு நேரான பாதை ஒன்று இருந்தது என்று சிலர் எழுதுவதை நான் நம்பவில்லை. ஒரே எண்ணம் இரண்டு இடத்தில் தோன்றக்கூடாதா என்ன?

காட்டு வாளின் பிறப்பு 1920களில். அந்திரேயாஸ் ஷ்டீல் என்ற பொறியியலாளர் 1926இல் ஷ்டுட்கார்ட் பகுதியில் மின்சாரத்தில் ஓடும் வாளைச் செய்தார். அதைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும், காட்டுக்குள் மின்சாரமும் வேண்டும். இரண்டாவது தொல்லையைத் தீர்க்க 1929இல் பெற்றோல் வாளை விற்கத் தொடங்கினார். அதன் எடை 46 கிலோ. அவருக்கு முன்பே, 1927இல், எமில் லேர்ப் என்பவர் தூரிங்கன் மாநிலத்தில் டோல்மார் என்ற மலையில் தன் பெற்றோல் வாளைச் சோதித்துப் பார்த்தார். 58 கிலோ. மலையின் பெயரே கம்பனியின் பெயராயிற்று. இரு கம்பனிக்காரரும் முதல்வர் நாங்களே என்று சொல்லிக்கொள்வார்கள். 58 கிலோ இரும்பை மலையில் ஏற்றியவர்களின் தோள்களைப் பற்றி இருவரும் அதிகம் சொல்வதில்லை.

அதே 1927இல் ஹாலேக்குத் தெற்கே, ரயிலில் கொஞ்ச நேரத்தில் போய்விடக்கூடிய லொய்னாவில் இன்னொன்று நடந்தது. முதல் உலகப்போரின் நடுவில், 1916இல், அமோனியா செய்வதற்காகக் கட்டத் தொடங்கிய பெரிய இரசாயனத் தொழிற்சாலை அது. ஜேர்மனியின் நிலத்துக்குள் கச்சா எண்ணெய் போதிய அளவு கிடையாது, ஆனால் ஹாலேயைச் சுற்றிப் பழுப்பு நிலக்கரி தாராளம். அந்த நிலக்கரியை மிக உயர்ந்த அழுத்தத்தில் ஹைட்ரஜனோடு சேர்த்துத் திரவ எரிபொருளாக்கும் முறையை ஃபிரீட்ரிஹ் பேர்கியுஸ் கண்டுபிடித்திருந்தார். 1927இல் லொய்னா அந்த முறையில் பெற்றோல் செய்து விற்கத் தொடங்கியது. பேர்கியுஸுக்கும் கார்ல் பொஷ்ஷுக்கும் 1931இல் நோபல் பரிசு கிடைத்தது. பின்னால் ஹிட்லரின் போர் ஓடியதும் இந்த மாதிரிப் பெற்றோலில்தான். லொய்னாவில் அடிமை வேலைக்குப் பிடித்து வரப்பட்டவர்களும் உழைத்தார்கள். 1944 மே 12ஆம் திகதி தொடங்கி நேச நாட்டு விமானங்கள் அதைத் திரும்பத் திரும்பக் குண்டு போட்டு இடித்தன.

மலையில் ஒரு வாள், சமவெளியில் ஒரு பெற்றோல். ஆண்டு ஒன்று என்பதைத் தவிர இரண்டுக்கும் நேர்த்தொடர்பு இருந்ததாகச் சொல்ல முடியாது. ஆனால் ஒன்று இல்லாமல் மற்றது பயனற்றது. எரிபொருள் மலிவாகவும் எங்கும் கிடைப்பதாகவும் இருந்தால்தான் எஞ்சினைத் தோளில் வைத்துக்கொண்டு காட்டுக்குப் போவது அறிவான காரியம் ஆகும்.

போருக்குப் பின் வாள் மெலிந்தது. 1950இல் ஷ்டீல் கம்பனி ஒருவரே தூக்கி வேலை செய்யக்கூடிய 16 கிலோ வாளைக் கொண்டுவந்தது. 1959இல் வந்த ‘கொன்ட்றா’ என்ற வாள் எடை குறைந்ததாகவும் வலிமை கூடியதாகவும் இருந்து, உலகெங்கும் கோடாலியின் காலத்தை முடித்தது. கிழக்குப் பக்கத்தில் சோவியத் நாடு 1955இல் ‘துருஷ்பா’ என்ற வாளைச் செய்தது. மோட்டார் சைக்கிளின் கைப்பிடிபோல உயரமான இரட்டைப் பிடி அதற்கு. துருஷ்பா என்றால் ரஷ்ய மொழியில் நட்பு. 1960களில் சோவியத் எண்ணெய் கிழக்கு ஜேர்மனிக்கு வந்த குழாய்க்கும் அதே பெயர்தான். வாளும் நட்பு, எண்ணெயும் நட்பு! லொய்னாவுக்கும் அந்த எண்ணெய் வந்தது. உக்ரேன் போர் தொடங்கிய 2022ஆம் ஆண்டின் முடிவோடு அந்த ஓட்டம் நின்றுபோனது.

இனி எஞ்சினுக்கு வருவோம். இயந்திர வாளில் இருப்பது இரண்டு வீச்சு எஞ்சின், ரூ ஸ்ட்றோக் என்று நாங்கள் சொல்வது. கார் எஞ்சினின் அடியில் ஒயில் தொட்டி இருக்கும். அதைத் தலைகீழாகப் பிடித்தால் ஒயில் போகக்கூடாத இடத்துக்குப் போய்விடும். மரம் அரிபவர் வாளைச் சரித்துப் பிடிப்பார், படுக்க வைத்துப் பிடிப்பார். ஆகவே ஒயிலைத் தொட்டியில் வைக்காமல் பெற்றோலிலேயே கலந்துவிடுகிறார்கள். கலவை உள்ளே போகும்போது தாங்கிகளையும் பிஸ்ரனையும் நனைத்துவிட்டு, பிறகு எரிந்து புகையாகிறது. வால்வு இல்லை, உறுப்புகள் குறைவு, எடை குறைவு. புகையும் சத்தமும் அதற்குக் கொடுக்கும் விலை.

கிழக்கு ஜேர்மனியில் இந்த இரண்டு வீச்சு எஞ்சின் ஒரு வாழ்க்கை முறையாகவே இருந்தது. 1957 முதல் 1991 வரை செய்யப்பட்ட ட்ரபான்ட் காரின் எஞ்சினும் இதுதான் (கடைசியாக வந்த சில வண்டிகள் தவிர), சூல் நகரத்துச் சிம்சன் மொப்பெட்டும் இதுதான். பெற்றோல் நிலையத்தில் ‘கலவை’ என்று கேட்டால் ஒயில் சேர்த்தே ஊற்றித் தருவார்கள். ஒரு காலத்தில் 33 பங்கு பெற்றோலுக்கு 1 பங்கு ஒயில், பிறகு 50க்கு 1. ட்ரபான்ட் காரில் நெடுங்காலம் எரிபொருள் அளவைக் காட்டும் முள்ளே இல்லை. தொட்டிக்குள் ஒரு குச்சியை விட்டுத்தான் பார்க்க வேண்டும். காருக்குப் பெயர் பதிந்துவிட்டுப் பத்து ஆண்டுக்கு மேல் காத்திருந்தார்கள். கிடைத்ததை எறிய மனம் வருமா? எனக்கு நானே எப்படி உதவிக்கொள்வது என்ற பொருளில் தலைப்பிட்ட வாகனத் திருத்தப் புத்தகங்கள் வீடு வீடாக இருந்தன. என் பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் லொய்னாவில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். ஆணி வளைந்தால் எறியமாட்டார், தட்டி நிமிர்த்தித் தகரப் பேணியில் போட்டு வைப்பார். முதல் முறை அவரைப் பார்த்தபோது ஊரில் ஒருவரைப் பார்த்தது போலவே இருந்தது.

ஏனென்றால் நாங்களும் அப்படி ஒரு பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள்தான். 1990 ஜூனில் போர் மறுபடி மூண்டதும் யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் நின்றது, பெற்றோலுக்குத் தடை வந்தது. மண்ணெண்ணெயும் கட்டுப்பாட்டுடன் யானை விலைக்குத்தான் கிடைத்தது. ஆனால் வண்டிகள் ஓடின. தொட்டியில் மண்ணெண்ணெய், தனியாக ஒரு சிறு போத்தலில் பொன்போல வைத்திருக்கும் கொஞ்சப் பெற்றோல். மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் ஆவியாகாது, ஆகவே நெருப்புப் பற்றாது. சூப்பியால் சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு உதைத்து, எஞ்சின் சூடான பிறகு மண்ணெண்ணெயில் ஓடவிடுவார்கள். பழைய ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் கார்களும் அப்படித்தான் ஓடின, மோட்டார் சைக்கிள்களும் அப்படித்தான். வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் தண்ணீர் இறைக்கிற மிஷின்கள் முன்பிருந்தே மண்ணெண்ணெய் தெரிந்தவை.

மண்ணெண்ணெய் எஞ்சினுக்கு ஏற்ற சாப்பாடு அல்ல. தட்டும், கரி படியும், பிளக் கறுத்து நெருப்பு நின்றுவிடும். இதனால் யாழ்ப்பாணத்து இளைஞர் எல்லோரும் பிளக் பார்க்கப் பழகினார்கள். எங்கள் சந்தியில் கராச் வைத்திருந்த அண்ணையிடம் என்ன வருத்தம் சொல்லிப் போனாலும் ஒரே பதில்தான்: “தம்பி, முதல்ல பிளக்கைக் கழட்டிக் கொண்டு வா பாப்பம்.” நுனி கறுத்து ஈரமாக இருந்தால் எரிபொருள் கூடிவிட்டது. வெளிறி வெள்ளையாக இருந்தால் எரிபொருள் குறைந்து எஞ்சின் தீய்கிறது. காய்ந்த பாக்கு நிறத்தில் இருந்தால் எல்லாம் சரி. இந்தப் பாடத்தை நான் ஹாலேயில் என் பக்கத்துப் பெரியவருக்குச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, தங்கள் ஊரில் அதை மான்குட்டியின் பழுப்பு என்பார்கள் என்றார். ஒரே நிறம்தான், அவர்களிடம் பாக்கு இல்லை.

வாளின் காபரேற்றர் மட்டும் மோட்டார் சைக்கிளின் காபரேற்றரைப் போன்றதல்ல. சைக்கிளில் ஒரு சிறு கிண்ணமும் அதில் மிதவையும் இருக்கும், தண்ணீர்த் தாங்கியின் பந்துபோல. சரித்தால் கெட்டுப்போகும். ஆரம்ப கால வாள்களில் எஞ்சினை நிமிர்த்தி வைத்துக்கொண்டு அலகை மட்டும் திருப்புகிற ஏற்பாடு செய்து சமாளித்தார்கள். 1940களின் இறுதியிலும் 1950களிலும் மிதவைக்குப் பதிலாக மெல்லிய சவ்வு வைத்த காபரேற்றர் வந்ததும்தான் வாளை எப்படியும் பிடிக்கலாம் என்ற நிலை வந்தது. உள்ளே இரண்டு சவ்வுகள். ஒன்று எஞ்சினின் அடிப்பெட்டியில் மாறி மாறி வரும் அழுத்தத்தால் துடித்துத் தொட்டியிலிருந்து பெற்றோலை இழுக்கிறது, இதயம்போல. மற்றது ஒரு சிறு நெம்புகோலைத் தட்டி, வேண்டிய அளவு மட்டும் உள்ளே விடுகிறது. பெருவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிய இந்தச் சவ்வுகளில்தான் இன்றைக்கு வீட்டில் கிடக்கும் பெரும்பாலான வாள்களின் வருத்தம் இருக்கிறது.

வாள் தொடங்குகிறது, மெதுவாக ஓடுகிறது, விசையை அழுத்தியதும் மூச்சு முட்டி நிற்கிறது. என் வாள் அப்படித்தான் எனக்குக் கிடைத்தது. விற்றவர் அதனால்தான் விற்றார். அந்த நிலையில் எல்லோரும் முதலில் செய்வது காபரேற்றரின் சிறு ஆணிகளைத் திருகுவது. செய்யாதீர்கள். முதலில் காற்று வடிகட்டியைப் பாருங்கள், மரத்தூள் அப்பியிருக்கும். அடுத்தது தொட்டிக்குள் கிடக்கும் சிறு வடிகட்டி. கம்பிக் கொக்கியால் இழுத்தால் குழாயோடு வெளியே வரும். குழாயை வளைத்துப் பாருங்கள், வெடிப்பு இருந்தால் காற்றை இழுக்கும். அதன் பிறகு பிளக். இடைவெளி பெரும்பாலும் 0.5 மில்லிமீற்றர். இவ்வளவும் நன்றாக இருந்தால் காபரேற்றரைக் கழற்றலாம். மூடியைத் திறந்து சவ்வை விரலில் எடுத்தால், நல்லது துணிபோல மடியும். கெட்டது பழைய எக்ஸ்ரே படம்போல விறைத்து நிற்கும். புதிய சவ்வும் ஊசியும் சேர்ந்த பொதி காபரேற்றரின் இலக்கத்தைச் சொன்னால் சில யூரோவுக்குக் கிடைக்கிறது. என் வாளுக்குத் தேவைப்பட்டது அது மட்டுமே.

சவ்வு ஏன் விறைக்கிறது? காலத்தால், அத்தோடு பெற்றோலால். ஜேர்மனியில் 2011இல் 10 சதவீதம் எதனோல் கலந்த பெற்றோல் விற்பனைக்கு வந்தது. எதனோல் காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும், ரப்பர் உறுப்புகளையும் கெடுக்கும். ஓடிக்கொண்டிருக்கும் காருக்கு அது பெரிய தொல்லை இல்லை. ஆண்டில் பத்து மாதம் கொட்டிலில் தூங்கும் வாளுக்குத் தொல்லை. சுவீடனில் 1980களில் காட்டுத் தொழிலாளரின் உடல்நலத்துக்காக உருவான அல்கைலேற் என்ற தூய பெற்றோல் கடையில் ஒயில் கலந்தே விற்கப்படுகிறது. விலை கூட, ஆனால் ஆண்டுக்கணக்கில் கெடாது, நச்சான பென்சீனும் அதில் மிகக் குறைவு. மூடிய கொட்டிலில் வாளோடு மினக்கெடுபவர்கள் இதற்குக் காசு கொடுப்பது தகும் என்பது என் எண்ணம். நீங்களே கலப்பதானால் 5 லீற்றர் பெற்றோலுக்கு 100 மில்லிலீற்றர் இரண்டு வீச்சு ஒயில், அதுதான் 50க்கு 1. கண் அளவில் ஊற்றக்கூடாது. ஒயில் குறைந்தால் பிஸ்ரன் சிலிண்டரில் உரசி ஒட்டிக்கொள்ளும். அதன்பிறகு திருத்துகிற செலவில் இன்னொரு வாளே வாங்கலாம்.

ஆணிகளைத் திருக வேண்டாம் என்றதற்கும் காரணம் இதுதான். பெற்றோலைக் குறைத்துவிட்டால் எஞ்சின் சீறிக்கொண்டு அழகாக ஓடுவதுபோலத் தெரியும். ஆனால் பெற்றோலோடுதான் ஒயில் வருகிறது. பெற்றோல் குறைந்தால் ஒயிலும் குறையும், சூடும் ஏறும். நல்ல சத்தத்தோடு ஓடிக்கொண்டே செத்துப்போகும்.

எஞ்சினுக்கு உயிர் இருக்கிறதா என்று பார்க்க ஒரு பழைய வழி உண்டு. பிளக் பூட்டியபடி, விசையை நிறுத்தி வைத்து, இழுப்புக் கயிற்றின் பிடியை மட்டும் பிடித்து வாளைத் தொங்கவிடுங்கள். படிப்படியாக, விட்டுவிட்டு இறங்கினால் நல்லது. சரசரவென்று இறங்கிவிட்டால் அழுத்தம் போய்விட்டது. புகைப் பெட்டியைக் கழற்றி அந்த வாசலால் எட்டிப் பார்த்தால் பிஸ்ரன் தெரியும்; அதில் நெடுங்கோடுகள் கீறியிருந்தால் வாங்க வேண்டாம். பழைய பொருள் சந்தையில் வாள் பார்க்கப் போகிறவர்களுக்கு இது உதவும்.

சங்கிலிக்கும் ஒரு வரலாறு உண்டு. தொடக்க காலச் சங்கிலிகளின் பல் கைவாளின் பல்லைப் போன்றது. மரத்தைக் கிளறித் தூளாக்கும், சீக்கிரம் மழுங்கும், தீட்டுவதில் நாள் போகும். அமெரிக்காவின் ஒறிகன் மாநிலத்தில் ஜோசப் பியூஃபோர்ட் கொக்ஸ் என்ற மரம் வெட்டி 1946இல் மரத்துக்குள் ஒரு வண்டின் புழுவைக் கண்டார். விரல் பருமன் உள்ள அந்தப் புழு மரத்தின் நார் எந்தப் பக்கம் ஓடினாலும் பொருட்படுத்தாமல் தின்றுகொண்டு போனது. அதன் தாடை இரண்டும் இடமும் வலமுமாக அசைந்து சீவுவதைக் கவனித்தார். அதே வடிவில் ஒரு இடப்பல், ஒரு வலப்பல் என்று வளைந்த சீவுபற்களைச் செய்து 1947இல் விற்கத் தொடங்கினார். இன்றைக்கும் எல்லா வாளிலும் ஓடுவது அந்தப் புழுவின் தாடைதான்.

மழுங்கிய சங்கிலியைக் கண்டுபிடிக்கத் தூளைப் பார்த்தால் போதும். நல்ல பல் தேங்காய்ப்பூப்போலச் சீவல் தள்ளும். மழுங்கியது அரிசிமாப்போலப் பொடி கொட்டும், நீங்களும் வாளை அழுத்தத் தொடங்குவீர்கள். அங்கேதான் ஆபத்து. சிறு வாள்களின் சங்கிலிக்குப் பெரும்பாலும் 4 மில்லிமீற்றர் வட்ட அரம் பொருந்தும். எந்த அளவு என்பதைச் சங்கிலிப் பொதியில் பார்த்து வாங்குங்கள். 30 பாகைச் சரிவில், உள்ளிருந்து வெளியே, ஒரே பக்கமாகத் தள்ள வேண்டும், இழுக்கக்கூடாது. எல்லாப் பல்லும் ஒரே நீளத்தில் இருக்க ஒவ்வொன்றுக்கும் ஒரே எண்ணிக்கை. ஒரு பக்கத்துப் பல் நீண்டுவிட்டால் வாள் பிறைபோல வளைத்து அரியும். சில தடவை தீட்டிய பிறகு பல்லுக்கு முன்னே இருக்கும் சிறு மேட்டையும் தட்டை அரத்தால் கொஞ்சம் குறைக்க வேண்டும், அதற்கு அளவுத் தகடு இருக்கிறது. தீட்டும் ஒவ்வொரு முறையும் அலகைத் தலைகீழாக மாற்றிப் பூட்டினால் இரு பக்கமும் சமனாகத் தேயும். ஓடாவியார்கள் சொன்ன விதிதான். எஞ்சின் வந்ததால் அரம் ஓய்வு பெறவில்லை.

பனை அரிந்தவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும். பனையும் தென்னையும் மற்ற மரங்களுக்கு நேர்மாறு, வைரம் வெளியே, சோறு உள்ளே. கறுத்த வெளிநார் சங்கிலியின் பல்லை விரைவாகத் தின்றுவிடும். 2018 நவம்பர் 16ஆம் திகதி கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறி நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களில் இலட்சக்கணக்கான தென்னைகளைச் சாய்த்தபோது, விழுந்த மரத்தை அகற்றினால்தான் அடுத்த கன்றை நட முடியும் என்ற நிலையில் பவர் ரம்பத்துக்குப் பெரும் தேவை இருந்தது. அந்த நேரத்தில் ஓடாத வாள் இருந்தும் இல்லாததற்குச் சமம். ஜேர்மனியிலும் அப்படி நாட்கள் உண்டு. 2007 ஜனவரி 18இல் கிரில் புயல், பதினோரு ஆண்டு கழித்து அதே ஜனவரி 18இல் ஃபிரீடெரிகெ புயல். பின்னர் 2018இல் தொடங்கிய வறட்சி ஆண்டுகளில் பட்டை வண்டு பெருகி, எங்கள் மாநிலத்து ஹார்ட்ஸ் மலையின் ஊசியிலைக் காடு பெரும்பகுதி சாம்பல் நிறமாகச் செத்தது. ஒரு வண்டின் புழு வாளுக்குத் தாடை கொடுத்தது, இன்னொரு வண்டு வாளுக்கு வேலை கொடுத்தது.

வாளால் வந்த கேடும் சிறிதல்ல. அதிர்வில் ஆண்டுக்கணக்காக வேலை செய்த காட்டுத் தொழிலாளரின் விரல்கள் குளிரில் வெளுத்து மரத்துப்போகும் நோய் வந்தது. 1960களில் கைப்பிடிக்கும் எஞ்சினுக்கும் நடுவே ரப்பர் வைத்து அதிர்வைக் குறைத்தார்கள். அலகின் நுனி மேற்பாதி மரத்தில் பட்டால் வாள் கண் இமைப்பதற்குள் முகத்தை நோக்கி எழும். 1970களில் வந்த சங்கிலித் தடைதான் பலரைக் காப்பாற்றியது. முன்னால் இருக்கும் அந்தக் கறுத்தப் பிடியைத் தள்ளியதும் சங்கிலி உடனே நிற்க வேண்டும். நான் வீட்டில் எதையும் திருத்துவேன், தடையின் பட்டி தேய்ந்திருந்தால் மட்டும் கடைக்குத்தான் கொண்டுபோவேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். வெட்டுக் காக்கும் காற்சட்டை இல்லாமல் எவரும் வாளைத் தொட வேண்டாம். சாரத்தோடு மரம் அரிகிற காட்சியை ஊரில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்கும்.

காடுகளுக்கு வந்த கேடு இன்னும் பெரிது. ஒரு நாள் வேலையை வாள் சில நிமிடமாக்கிவிட்டது. இலங்கையில் 2019இல் இயந்திர வாள்களைப் பதிவு செய்யும்படி அரசு உத்தரவிட்டதும் இதனால்தான்.

இப்போது மின்கல வாள் வந்துவிட்டது. கலிபோர்னியாவில் 2024 மாதிரி ஆண்டிலிருந்து பெரும்பாலான சிறிய பெற்றோல் எஞ்சின்களைப் புதிதாக விற்க முடியாது. காட்டு வேலைக்கான பெரிய வாள்களுக்கு விலக்கு உண்டு. சிறுதோட்டத்தில் ஒரு அப்பிள் கிளையை வெட்ட மின்கல வாள் போதும், அயலவரின் காதும் பிழைக்கும் என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மின்கலம் செத்த அன்று அதைத் திறந்து பார்க்க வழி இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் பொருட்களைத் திருத்திக்கொள்ளும் உரிமைக்குச் சட்டம் செய்தது. சலவை இயந்திரம், குளிர்சாதனப் பெட்டி, கைத்தொலைபேசி எல்லாம் அந்தப் பட்டியலில் இருக்கின்றன, இயந்திர வாள் இல்லை. பழைய வாள்களுக்கு உதிரி கிடைப்பது செய்தவரின் தயவில் இருக்கிறது. ஒரு மாதிரியைச் செய்வதை நிறுத்திப் பல ஆண்டு கழித்தும் சவ்வு கிடைத்தால் அந்த வாள் இன்னும் ஒரு தலைமுறை ஓடும். கிடைக்காவிட்டால் சில யூரோ ரப்பருக்காக ஆறு கிலோ உலோகம் குப்பைக்குப் போகும். சிம்சன் மொப்பெட்டைப் பாருங்கள். செய்த தொழிற்சாலை எப்போதோ மூடிவிட்டது. ஆனாலும் எல்லா உதிரியும் கிடைப்பதால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் இன்றைக்கும் ஹாலே தெருக்களில் அதை ஓட்டுகிறார்கள்.

இந்த நாட்டில் வாளுக்கும் நாட்காட்டி உண்டு. மார்ச் 1 முதல் செப்டெம்பர் 30 வரை பறவைகளுக்காக மரம் தறிப்பதற்குக் கட்டுப்பாடு இருக்கிறது. குடியிருப்புப் பகுதியில் ஞாயிறும் பெருநாட்களும் இரவு 8 மணி முதல் காலை 7 மணி வரையும் வாளை ஓட்டக்கூடாது. ஆகவே செப்டெம்பர்தான் திருத்த வேலைக்கு ஏற்ற மாதம். பழைய கலவையைக் கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுத்துவிட்டு, புதியதை ஊற்றி, பிளக்கைக் கழற்றிப் பாருங்கள்.